ஆசிரியர் பட்டப்படிப்பு: சிங்கப்பூரில் பலர் செய்யும் தவறுகள்

ஆசிரியராக விரும்புவோர் பலர் முதலில் பல்கலைக்கழகத்தைத் தேடுகிறார்கள். எந்த நிலையில், எந்தப் பாடம் நடத்தப் போகிறோம் என்று பார்ப்பது அப்புறம்தான். அந்த வரிசையை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும்.

அரசுப் பள்ளி ஆசிரியர்களை வேலைக்கு எடுப்பது கல்வி அமைச்சு; பயிற்சி கொடுப்பது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேசியக் கல்விக் கழகம். அங்கேயே 4 ஆண்டு கல்வியியல் பட்டம் படிக்கலாம். வேறு பட்டம் முடித்தவர்கள் பட்டமேற்படிப்புக் கல்வி டிப்ளோமா வழியாக வரலாம். இந்த இரண்டாவது வழியில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். உளவியல் படித்துவிட்டு உயர்நிலைப் பள்ளி ஆசிரியராகலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. உயர்நிலைப் பாட அட்டவணையில் உளவியல் கிடையாது. பொறியியல் படித்தவருக்குக் கணிதமோ இயற்பியலோ பொருந்தும்; எந்தப் பாடத்தோடும் ஒட்டாத பட்டத்துக்கு வழி குறுகும்.

பாலர் பருவக் கல்விப் பட்டத்தைத் தொடக்கப்பள்ளிக்கான பட்டமாக எண்ணுவதும் தவறு. அது பாலர் பள்ளிகளுக்கானது. அமைச்சின் நிதியில் படிப்பவர்கள் சேவை ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். பாதியில் விலகினால் இழப்பீடு கட்ட வேண்டும்.

தமிழாசிரியராக வருபவர்களுக்கு இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. தமிழ் இலக்கியத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தால் போதும் என்ற நம்பிக்கை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியர்களில் சுமார் 28 விழுக்காட்டினரே வீட்டில் அதிகம் தமிழ் பேசுகிறார்கள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை 'தம்பி பார்த்தேன்' என்று எழுதும். ஆங்கிலத்தில் 'தம்பியை' என்பதில் வரும் 'ஐ' போன்ற உருபு கிடையாது, சொல் நிற்கும் இடமே பொருளைச் சொல்லிவிடும் என்பதைப் புரிந்துகொண்டால் அந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். வெறும் சிவப்பு மையால் அது திருந்தாது.

பள்ளிப் பயிற்சியின்போது 30 நிமிடப் பாடவேளையைப் பலர் இப்படிச் செலவழிக்கிறார்கள்: காணொளி 6 நிமிடம், இலக்கண விளக்கம் 12 நிமிடம், பயிற்சித்தாள் கொடுத்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஒரு பிள்ளைகூட வாய் திறந்திருக்காது. பதிலாக, குடும்பப் படம் ஒன்றைக் காட்டி, "யாரப் பாத்த?" என்று பேச்சுத்தமிழிலேயே கேளுங்கள். "தம்பியப் பாத்தேன்", "பாட்டியப் பாத்தேன்" என்று வகுப்பு முழுவதும் சொல்லட்டும். 10 நிமிடம் இதற்கே போனாலும் பரவாயில்லை. பிறகு 'தம்பியைப் பார்த்தேன்' என்று பலகையில் எழுதி, 'ஐ'யை வட்டமிடுங்கள். எழுதும் பயிற்சிக்கு மூன்றே வாக்கியம் போதும். பாடத்திட்டக் குறிப்பில் நோக்கம் ஒன்றுக்கு மேல் இருந்தால், மற்றதை அடுத்த வேளைக்குத் தள்ளிவிடுங்கள்.