லாஜிக் பாடத்துக்கு உருது தரும் கைவிளக்கு

உருது தெரிந்தவர்கள் ஆங்கிலத் தர்க்கச் சொற்களை மனப்பாடம் செய்து திணற வேண்டாம். அரபியிலிருந்து உருதுவுக்கு வந்த சொற்கள் தம் வேரிலேயே விளக்கத்தை வைத்திருக்கின்றன.

'டிடக்ஷன்' என்பதற்கு உருதுவில் 'இஸ்திக்ராஜ்'. 'காரிஜ்' என்றால் வெளியே. உள்ளே இருப்பதை வெளியே எடுப்பதுதான் இது. "மனிதர் எல்லாரும் இறப்பவர், சாக்ரடீஸ் மனிதர்" என்ற இரண்டு வரிகளுக்குள் "சாக்ரடீஸ் இறப்பவர்" என்பது ஏற்கெனவே இருக்கிறது. நாம் வெளியே எடுக்கிறோம், புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது.

அந்த முதல் இரண்டு வரிகளும் 'பிரிமிஸ்', உருதுவில் 'முகத்தமா'. முன்னால் வைக்கப்பட்டது என்று பொருள். வழக்கு, முன்னுரை இரண்டுக்கும் இதே சொல்தான் என்பதால் இடம் பார்த்துப் பொருள் கொள்ளுங்கள். முடிவு 'நதீஜா'. 'ஃபாலசி', அதாவது பிழையான வாதம், உருதுவில் 'முகாலதா'; தவறு எனப் பொருள்படும் 'கலத்' அதன் உறவுச் சொல்.

'கியாஸ்' என்ற சொல்லில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. பேச்சில் அது ஊகம். தர்க்க நூலில் 'சிலாஜிசம்', அதாவது மேலே கண்ட மூன்று வரி அமைப்பு. ஊகம் என்று எழுதினால் விடை தலைகீழாகிவிடும்.

நோட்டில் ஆங்கிலச் சொல், உருதுச் சொல், வேர்ப்பொருள் என மூன்று பத்தி போட்டு எழுதிவாருங்கள்.