முதல் முறை ஜப்பான் போகிறீர்களா? பெட்டியைச் சின்னதாக்குங்கள், ஒரு சுருக்குப் பை எடுத்துக்கொள்ளுங்கள்

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விசா, டிக்கெட், ஓட்டல் எல்லாம் எப்படியும் முடிந்துவிடும், ஆனால் பெட்டி பெரிதாகிவிட்டால் போகிற ஊரெல்லாம் அதை இழுத்துக்கொண்டே திரிய வேண்டும். நானும் அம்மாவும் போன மார்ச் கடைசியில் பாண்டிச்சேரியிலிருந்து கிளம்பும்போது ஆளுக்கு 23 கிலோ. விமானத்தில் அனுமதி இருக்கிறதே என்று நிரப்பினோம். டோக்கியோவில் உயெனோ ஸ்டேஷனில் லிப்ட் எந்தப் பக்கம் என்று தெரியாமல், இரண்டு பக்கமும் ஆட்கள் வேகவேகமாகப் போய்க்கொண்டிருக்க, அம்மாவை மேலே ஒரு பெட்டிக்குக் காவல் வைத்துவிட்டு இன்னொன்றைத் தூக்க நான் மறுபடி கீழே இறங்கினேன். அப்புறம் ஓட்டல் அறைக்குப் போனால் கட்டில் போக மிச்ச இடத்தில் ஒரு பெட்டியைத்தான் திறந்து வைக்க முடிந்தது.

அதனால் ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டி, தோளில் மாட்ட ஒரு பை, அவ்வளவு போதும். நாலு செட் துணி எடுத்தால் தாராளம், ஏனென்றால் நிறைய ஓட்டல்களிலேயே காசு போட்டுத் துவைக்கும் மெஷினும் உலர்த்தும் மெஷினும் இருக்கின்றன. ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலிலும் பெட்டிக்கு அளவு உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் போனால், டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா போகும் தடத்தில் பெட்டி வைக்க இடமுள்ள சீட்டாகப் பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. பதிவு செய்யாமல் ஏற்றினால்தான் 1,000 யென் கேட்பார்கள்.

பெட்டி பெரிதாகத்தான் இருக்கும் என்றால் தக்யூபின் என்ற பெட்டி அனுப்பும் சேவையைப் பயன்படுத்துங்கள். பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போகிற படம் பார்த்தீர்கள் என்றால் அது இந்தச் சேவையைத் தரும் யமாட்டோ கம்பெனி. ஓட்டல் வரவேற்பில் சொன்னால் படிவம் தருவார்கள், அடுத்த ஊர் ஓட்டல் முகவரியை எழுதிப் பெட்டியை ஒப்படைத்தால் பெரும்பாலும் மறுநாள் அங்கே வந்துவிடும். அளவைப் பொறுத்து இரண்டாயிரம், மூவாயிரம் யென் ஆகும். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு நாங்கள் இப்படித்தான் அனுப்பினோம். ஒரு ராத்திரிக்கு வேண்டியதை மட்டும் தோள்பையில் வைத்துக்கொண்டோம். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இந்தச் செலவுக்கு யோசிக்கவே வேண்டாம்.

துணியில் நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு சிக்கல், வீட்டில் ஸ்வெட்டரே இருக்காது. மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம் சக்குரா என்ற செர்ரி மரம் பூக்கும் நேரம் என்று போவோம், பகலில் வெயில் இதமாக இருந்தாலும் காலையிலும் ராத்திரியிலும் பத்து டிகிரிக்குக் கீழே போய்விடுகிறது. தடிமனான ஒரு கோட்டைவிட, உள்ளே ஒரு தெர்மல், மேலே ஒரு சட்டை, அதற்கு மேல் காற்று புகாத ஒரு ஜாக்கெட் என்று அடுக்காகப் போடுவது நல்லது. ஜூலை, ஆகஸ்டில் போகிறீர்கள் என்றால் கவலையே இல்லை, நம்ம கடற்கரைச் சாலையின் அதே புழுக்கம்தான், பருத்தித் துணி போதும். ஷூ மட்டும் புதிதாக வாங்கி நேராக அங்கே போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஒரு மாதம் பாண்டியிலேயே போட்டு நடந்து பழக்குங்கள். குனிந்து கயிறு அவிழ்க்காமல் கழற்றக்கூடியதாக இருக்கட்டும், கோயில், பழைய பாணி விடுதி, சில உணவகங்கள் என்று கழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கிழியாத சாக்ஸ் நிறைய எடுங்கள்.

அப்புறம் ஒரு சின்னத் துண்டும், மடித்து வைக்க இரண்டு பிளாஸ்டிக் பையும். பொதுக் கழிப்பறைகளில் கை துடைக்கக் காகிதம் பல இடங்களில் இருக்காது. தெருவில் குப்பைத் தொட்டியைப் பார்ப்பதே அரிது, உங்கள் குப்பையை நீங்கள்தான் அறைவரை கொண்டுவர வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் இருக்குமா என்று அம்மா கிளம்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். ஓட்டல்களிலும் பெரிய கடைகளிலும் பொத்தானை அமுக்கினால் வெதுவெதுப்பான தண்ணீரே பீய்ச்சும், அந்தக் கவலை வேண்டாம்.

மின்சாரம் அங்கே 100 வோல்ட், பிளக்கில் தட்டையான இரண்டு கால்கள். நம்ம மூன்று கால் பிளக் நுழையாது. போன் சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால் ஒரு அடாப்டர் மாட்டினால் போதும். வீட்டு குக்கரையும் வாட்டர் ஹீட்டரையும் எடுத்துப் போகாதீர்கள், 230 வோல்ட்டுக்குச் செய்தது அங்கே ஒழுங்காகச் சூடேறாது. வெந்நீர் கெட்டில் அநேகமாக எல்லா ஓட்டல் அறையிலும் இருக்கிறது.

சாப்பாடு, முக்கியமாகச் சைவக்காரர்களுக்கு: காய்கறி மட்டும் போட்ட சூப் என்று தெரிந்தாலும் அடியில் தஷி இருக்கும், அது பெரும்பாலும் கட்சுவோ மீனைக் காயவைத்துச் சீவி எடுத்த சாறு. அம்மா அசைவம் தொடமாட்டார் என்பதால் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், இட்லிப் பொடி, ஒரு சின்ன பாட்டில் நல்லெண்ணெய் கொண்டுபோனோம். செவன் லெவன், லாசன் போன்ற கடைகளில் வேகவைத்த வெள்ளைச் சோறு டப்பாவில் கிடைக்கிறது, கவுன்டரிலேயே சூடாக்கித் தருவார்கள். ஓட்டலுக்குக் கொண்டுவந்து பொடி போட்டுப் பிசைந்து சாப்பிட்டால் ஒரு வேளை முடிந்தது. உமெபோஷி என்ற உப்புப் பிளம் வைத்த ஒனிகிரி என்ற சோற்று உருண்டையும் அம்மாவுக்குப் பிடித்தது, புளிப்பும் உப்புமாக ஊறுகாய்ச் சாதம் மாதிரியே இருக்கும்.

கொண்டு போகக்கூடாதவை உண்டு. இறைச்சி எந்த வடிவிலும் வேண்டாம், மாம்பழமும் பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். மருந்தில் இன்னும் கவனம் வேண்டும். நாம் சாதாரணமாக வாங்கும் சில சளி மாத்திரைகளில் இருக்கும் சூடோஎபெட்ரின், சில இருமல் மருந்துகளில் இருக்கும் கோடீன், இவற்றின் அளவு கொஞ்சம் கூடினாலே அங்கே தடை. அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு எடுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை என்றால் ஒரு மாதத்துக்கு வேண்டிய அளவுக்குள், டாக்டர் சீட்டோடு, அதன் அட்டையிலேயே வைத்து எடுத்துப் போங்கள்.

விசா விண்ணப்பம் சென்னை வழியாகத்தான். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன இல்லையா, அவர்களுக்குச் சுற்றுலாவுக்கு 90 நாள்வரை விசாவே தேவையில்லை. ஒரே வீட்டில் இரண்டு வகை பாஸ்போர்ட் இருந்தால் இந்திய பாஸ்போர்ட் உள்ளவருக்கு விசா வந்தபிறகு டிக்கெட் போடுங்கள்.

இப்போது பணம். பாண்டியில் நேரு வீதிப் பக்கம் மாற்றக் கேட்டபோது யூரோ உடனே இருந்தது, யென்னுக்கு இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். கடைசி நேரத்தில் போய் நிற்காதீர்கள். நாங்கள் போனபோது 100 யென் 60 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு, விலையைப் பாதியாக்கிக் கொஞ்சம் கூட்டினால் ரூபாய்க் கணக்கு வந்துவிடும். இங்கே டீக்கடைவரை போனைக் காட்டிக் காசு கொடுத்துப் பழகிவிட்டோம், அங்கே யுபிஐ-யை நம்பிப் போகாதீர்கள். இருவருக்கு 40,000 யென் நோட்டாக வைத்துக்கொண்டு, மீதிக்கு விசா அல்லது மாஸ்டர்கார்டு போதும். கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள், அது பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். செவன் லெவன் ஏடிஎம்களில் நம்ம கார்டு வேலை செய்யும். கடை மெஷினோ ஏடிஎம்மோ ரூபாயா யென்னா என்று கேட்டால் யென் என்றே சொல்லுங்கள், ரூபாய் என்றால் அவர்கள் போடும் மாற்று விலை நமக்கு நஷ்டம். டிப்ஸ் வைக்கும் வழக்கம் இல்லை.

சில்லறைதான் அங்கே சீக்கிரம் சேரும். 1, 5, 10, 50, 100, 500 யென் எல்லாமே காசு. 500 யென் காசு நம்ம பணத்தில் முந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு, அதைச் சில்லறைதானே என்று பையின் அடியில் விட்டுவிடக் கூடாது. அம்மா இடுப்பில் சுருக்குப் பை வைத்திருந்தார். கியோட்டோ டவுன் பஸ்ஸில் பின்கதவில் ஏறி, இறங்கும்போது முன்னால் டிரைவர் பக்கத்துப் பெட்டியில் 230 யென் போட வேண்டும், மீதி தராது. 1,000 யென் நோட்டை அதே மெஷினில் தனியாகச் சில்லறை மாற்றிவிட்டு அப்புறம் கட்டணம் போட வேண்டும். எனக்குப் பின்னால் ஆட்கள் வரிசையாக நிற்க நான் நோட்டை எந்தப் பக்கம் செருகுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சுருக்குப் பையை விரித்து, ஓட்டை போட்ட 50 யென்னை ஒதுக்கி, இரண்டு நூறும் மூன்று பத்துமாக எடுத்துப் போட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ஐசி கார்டு, அதாவது முன்கூட்டியே பணம் ஏற்றி வைத்துத் தட்டும் கார்டு. டோக்கியோவில் சூய்கா, பாஸ்மோ, ஒசாகா பக்கம் இக்கோகா, எது வாங்கினாலும் பெரிய ஊர்களின் ரயிலிலும் மெட்ரோவிலும் பஸ்ஸிலும் தட்டிவிட்டுப் போகலாம், கடையிலும் காட்டலாம். நரிதா, ஹனேதா விமான நிலையங்களில் வெல்கம் சூய்கா கிடைக்கிறது, 28 நாள் செல்லும், கார்டுக்கு டெபாசிட் இல்லை, ஆனால் மிச்சத்தைத் திருப்பித் தரமாட்டார்கள். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். ஒரு ஊரில் தட்டி ஏறி வேறு வட்டாரத்தில் தட்டி இறங்க முடியாது என்பதை மட்டும் மறக்காதீர்கள், நீண்ட பயணத்துக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும்.

ஜப்பான் ரயில் பாஸை எல்லாரும் வாங்கச் சொல்வார்கள். கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். 2023 அக்டோபரில் 7 நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறியது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்செனில் போக சுமார் 14,000, வரவும் சேர்த்தால் 28,000. டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா மட்டும் என்றால் பாஸ் வேண்டவே வேண்டாம். டோக்கியோவிலிருந்து போகும்போது ‘இ’ எழுத்து ஜன்னல் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், வானம் தெளிவாக இருந்தால் வலப்பக்கம் ஃபூஜி மலை தெரியும்.

ஸ்டேஷனில் வழி தவறுவது பெரும்பாலும் வெளியேறும்போதுதான். ஷின்ஜுகுவில் வாசல்கள் இருநூறுக்கு மேல், தவறான வாசலில் ஏறினால் கால் மணி நேரம் சுற்ற வேண்டும். வரைபட ஆப்பில் வாசல் எண்ணைப் பார்த்துவிட்டே நடங்கள். ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) வேறு, மெட்ரோ வேறு, உள்ளே போகும் கேட்டும் வேறு. நள்ளிரவு வாக்கில் ரயில் நின்றுவிடும், டாக்ஸி விலை அதிகம். காலை ஏழரை முதல் ஒன்பதுவரை பெட்டியோடு ஏறாதீர்கள்.

திரும்பும்போது காசுகளை இங்கே யாரும் மாற்றித் தரமாட்டார்கள். கடைசி நாள் விமான நிலையக் கடையில் ஐசி கார்டில் மிஞ்சியதை முதலில் தீர்த்துவிட்டு, போதாததற்குச் சில்லறையை எண்ணிக் கொடுங்கள்.