பழைய ரம்பத்திலிருந்து ஒரு சுரண்டித் தகடு

வேப்பம் பலகையை இழைத்தவர்களுக்கு இந்த எரிச்சல் தெரியும். நார் ஓரிடத்தில் இப்படி ஓடும், அரை அங்குலம் தள்ளி எதிர்ப்பக்கம் திரும்பும். இழைப்புளியை எப்படித் தள்ளினாலும் எங்காவது செதில் பெயரும். உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டுகிற ஆசாரிகள் உண்டு. நானும் முயன்று விரலைக் கிழித்துக்கொண்ட பிறகுதான், பலகையை மெல்லிய சுருளாகச் சீவும் இந்தச் சுரண்டித் தகட்டுக்கு வந்தேன்.

பழைய இரும்புக் கடையில் ஒரு கைரம்பம் வாங்குங்கள். துரு இருந்தால் பரவாயில்லை. வளைத்து விட்டால் நேராகத் திரும்ப வேண்டும். பல்முனைகள் கருநீலமாக இருந்தால் அங்கே அரம் ஏறாது, அந்த ஓரத்தில் ஒரு விரற்கடை தள்ளி வெட்டுங்கள். 15 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம் போதும். இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே தகட்டை இறுக்கி, மரத்தோடு சேர்த்தே ஆக்சா பிளேடால் அறுங்கள். சாணை இயந்திரம் எனக்கு ஆகாது: ஓரம் நீலம் பாரித்தால் எஃகின் பதம் போயிற்று.

நீள ஓரத்தைத் தட்டை அரத்தால் 90 பாகைக்கு அராவுங்கள். பிறகு சாணைக்கல்லில் ஓரத்தையும் இரு முகங்களையும் தேயுங்கள். கல்லை நான் முதலில் தவிர்த்தேன். அரத்தின் கோடுகள் அப்படியே பலகையில் கீறல்களாக இறங்கின.

இனிதான் என்னை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அழவைத்த இடம். இந்தத் தகட்டில் மரத்தைச் சீவுவது, ஓரத்தில் மடங்கி நிற்கும் கண்ணுக்குத் தெரியாத பிசிறு. அதை மடிக்கத் தகட்டைவிடக் கடினமான, வழவழப்பான கம்பி வேண்டும். நான் எடுத்தது ஸ்க்ரூடிரைவர். தேய்த்த நான்காவது முறை பார்த்தால் ஸ்க்ரூடிரைவரில்தான் பள்ளம்! லேத் பட்டறையில் வாங்கிய உடைந்த கார்பைடு எண்ட் மில்லின் (இரும்பைக் குடையும் மிகக் கடினமான வெட்டுளி) காம்பு அதைத் தீர்த்தது.

ஒரு சொட்டு எண்ணெய் தடவி, தகட்டைப் படுக்கவைத்து, முகத்தின் விளிம்பில் காம்பை நான்கைந்து முறை அழுத்தி இழுங்கள். பின் தகட்டை வைஸில் நிறுத்தி, ஓரத்தின் மேல் காம்பைக் கிடையாக வைத்து, கையில் பிடித்த பக்கத்தை 5 பாகை மட்டும் தாழ்த்தி மூன்று இழுப்பு. அதிகம் சாய்த்தால் பிசிறு சுருண்டுவிடும்; பலகையோடு படுக்கவைத்தால் ஒழியத் தகடு கடிக்காது. விரல் நகத்தை முகத்திலிருந்து ஓரத்தை நோக்கி இழுத்துப் பாருங்கள், லேசாகத் தட்ட வேண்டும்.

இரு கட்டைவிரல்களால் நடுவே சற்று வளைத்து, முன்பக்கம் சாய்த்துத் தள்ளுங்கள். வெங்காயத் தோல்போல் சுருள் வந்தால் சரி. தூளாக வந்தால் பிசிறு இல்லை, மறுபடி கல்லுக்குப் போங்கள்.

பின்சேர்க்கை: கட்டைவிரல் சுடுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். சுடத்தான் செய்யும். தகட்டின் பின்புறம் ஒரு தட்டையான ஃப்ரிட்ஜ் காந்தத்தை ஒட்டிக்கொள்ளுங்கள். என்னுடையதில் ஒரு கத்தரிக்காய் இருக்கிறது.