பழைய குரூசரா, புதிய குரூசரா: டர்பனில் வாங்குகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு பக்கம் இருபது வருடப் பழைய ஹார்லி ஸ்போர்ட்ஸ்டரோ யமஹா டிராக் ஸ்டார் 1100-ஓ வருகிறது. இன்னொரு பக்கம் கடையிலிருந்து நேராக வரும் ராயல் என்ஃபீல்ட் மீட்டியோர் 350, கொஞ்சம் கூடப் போட்டால் ஹோண்டா ரெபெல் 500. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும், குரூசர் (தாழ்ந்த சீட்டில் காலை முன்னால் நீட்டி ஓட்டும் பைக்) ஆசை வந்த பலர் இந்த இடத்தில்தான் மாதக்கணக்கில் நிற்கிறார்கள். பழையது என்பவர்கள் சத்தத்தைச் சொல்வார்கள், புதியது என்பவர்கள் ஏபிஎஸ்ஸையும் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) வாரண்டியையும் சொல்வார்கள். வாங்கிவிட்டு வருந்துகிறவர்களிடம் பேசிப் பாருங்கள், வண்டியின் வயதைக் குறை சொல்கிறவர் அபூர்வம். விலையைத் தப்பாகக் கணக்குப் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காமல் விட்டிருப்பார்கள்.

விற்பவர் சொல்லும் விலையோடு கணக்கை முடிப்பது

பழைய பைக்கின் விலை, அதை நம்பி ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவையும் சேர்த்ததுதான். இரண்டு டயர், பேட்டரி, முன் ஃபோர்க்கின் ஆயில் சீல், பிரேக் ஹோஸ், பிரேக் ஆயில், கார்புரேட்டர் சுத்தம். இதில் பாதியாவது எந்தப் பழைய குரூசரிலும் பாக்கி இருக்கும். டயரில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் வரிப்பள்ளம்) நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வந்த பைக்கில் டயர் தேயவே தேயாது; ரப்பர் மட்டும் இறுகிப்போய், மழை நாளில் பிடிக்க மறுக்கும். விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்குள் பேரம் பேசுங்கள் என்பது என் கணக்கு. ஹார்லி என்றால் அதற்கும் கொஞ்சம் மேலே.

புதியதிலும் இதே தவறு வேறு உருவத்தில் நடக்கிறது. கடையில் தொங்கும் விலையில் பதிவு, லைசன்ஸ், டெலிவரிச் செலவு பல சமயம் சேர்ந்திருக்காது. முதல் சர்வீஸ் 500 அல்லது 1000 கிலோமீட்டரிலேயே வந்துவிடும். கடன் வாங்குகிறவர்கள் பலூன் தொகையைக் கவனிக்க வேண்டும்: மாதத் தவணை சின்னதாகத் தெரிவதற்காக அசலில் ஒரு பெரிய துண்டைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். கடைசி மாதம் அது மொத்தமாக வந்து நிற்கும்போது பைக்கின் சந்தை விலை அதைவிடக் கீழே போயிருக்கலாம்.

இன்சூரன்ஸ் இந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம் இல்லை. சாலை விபத்து நிதி பெட்ரோல் விலையிலேயே வசூலாகிறது. ஆனால் அது உடல் காயத்துக்கும் உயிரிழப்புக்கும்தான், உடைந்த பைக்குக்கு ஒரு ராண்ட் கூட வராது. ஆகவே எந்தப் பைக்கென்று முடிவு செய்யும் முன்பே இரண்டுக்கும் இன்சூரன்ஸ் விலை கேட்டுவிடுங்கள்.

குறைந்த கிலோமீட்டரைக் கண்டு மயங்குவது

‘2003 மாடல், 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது’ என்று ஒருவர் சொன்னதும் எல்லோருக்கும் கண் விரியும். எனக்குத் தெரிந்த வெருலம் மெக்கானிக் ஒருவர் இந்தப் பேச்சை எடுத்தாலே சிரிப்பார். "தம்பி, எத்தனை ஓடுச்சுன்னு கேக்காத, எத்தனை நாள் நின்னுச்சுன்னு கேளு" என்பார். நின்ற பைக்கில் நடப்பது இதுதான்: கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப்போய், மிஞ்சும் பிசின் பெட்ரோல் போகும் நுண்துளையான சின்ன ஜெட்டை அடைத்துக்கொள்ளும். சீல்கள் காய்ந்து வெடிக்கும். பாதி காலியான டாங்கில், டர்பனின் ஈரக் காற்று உள்ளேயே வியர்த்து, துரு பிடிக்க வைக்கும்.

டாங்க் மூடியைத் திறந்து போனின் லைட்டைத் தள்ளிப் பிடித்து உள்ளே பாருங்கள். அடியில் செம்மண் நிறம் தெரிந்தால் அந்தத் துரு ஏற்கெனவே ஃபில்டர் வரை போய்ச் சேர்ந்திருக்கும். 60,000 கிலோமீட்டர் ஓடி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் ரசீது வைத்திருக்கும் பைக்கை நான் இதற்கு முன்னால் நிறுத்துவேன். குறிப்பாக டிராக் ஸ்டார் மாதிரி ஷாஃப்ட் டிரைவ் (பின்சக்கரத்தைத் தண்டு சுற்றும் அமைப்பு) உள்ள ஜப்பான் குரூசர் என்றால் தயக்கமே வேண்டாம். செயினும் இல்லை, பெல்ட்டும் இல்லை. பின்சக்கர டிரைவ் ஆயிலை மாற்றிக்கொண்டிருந்தால் போதும்.

சூடான என்ஜினைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுவது

போவதற்கு முன்பே "அண்ணா, நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லி வையுங்கள். போய் இறங்கியதும் முதல் வேலை, என்ஜின் மேல் கையை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் குளிரில் எப்படிப் பிடிக்கிறது என்பதை அவர் உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை என்று அர்த்தம். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். குளிர்ந்த என்ஜினில்தான் ஸ்டார்ட்டர் தேய்வும், பேட்டரியின் பலமும், ஆயில் எரிவதைக் காட்டும் முதல் நீலப் புகையும் தெரியும்.

அப்புறம் சத்தம். பலருக்கு வேறு சைலன்சர் போட்ட ஹார்லி என்றால் கூடுதல் விலை கொடுக்கத் தோன்றுகிறது. எனக்கு அது சந்தேகத்தைத்தான் கிளப்பும், ஏனென்றால் அந்த முழக்கத்துக்குள் கேட்க வேண்டிய சின்னச் சத்தம் எதுவும் கேட்காது. ஹார்லியின் பெரிய பைக்குகளில் 1999 மாடலிலிருந்து வந்த ட்வின் கேம் என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுகளைச் சுற்றும் செயினை இறுக்கிப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக் பட்டைகள் இருக்கும். வருடக்கணக்கில் செயின் அந்தப் பிளாஸ்டிக்கைத் தின்றுகொண்டே இருக்கும். தேய்ந்த துகள் ஆயிலோடு போய் பம்பை அடைத்தால் என்ஜினையே இறக்க வேண்டியதுதான். 40,000 கிலோமீட்டர் வாக்கில் வலது பக்கக் கேம் மூடியைக் கழற்றிப் பார்ப்பது வழக்கம். பார்த்தாரா, மாற்றினாரா, ரசீது உண்டா என்று கேளுங்கள். "ஹார்லிக்கு ஒன்றும் ஆகாது" என்ற பதில் வந்தால் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துவிடுங்கள்.

2007 மாடல்களிலிருந்து, டைனா வரிசையில் மட்டும் 2006-லிருந்தே, ஆயில் அழுத்தத்தால் செயினை இறுக்கும் ஹைட்ராலிக் டென்ஷனர் வந்துவிட்டது. தேய்மானம் வெகுவாகக் குறைந்தது. ஸ்போர்ட்ஸ்டரில் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் அதுவும் 2007-இல்தான் கார்புரேட்டரை விட்டு, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. ஆக, 2006-ஆ 2007-ஆ என்பது ஒரு வருட வித்தியாசமாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் பொருள் வேறு. காகிதத்தில் இருக்கும் முதல் பதிவுத் தேதியை இதற்கு நம்ப முடியாது. கடையில் விற்காமல் கிடந்து இரண்டு வருடம் கழித்துப் பதிவான பைக்குகள் உண்டு. சேசிஸில் அடித்திருக்கும் 17 எழுத்து எண்ணில் பத்தாவதைப் பாருங்கள். ஹார்லியில் அது 6 என்றால் 2006 மாடல், 7 என்றால் 2007, A என்றால் 2010.

குரோம் பளபளப்பை மட்டும் பார்ப்பது

ப்ளஃப்பிலோ அம்ஷ்லாங்காவிலோ கடலைப் பார்த்த வீட்டில் வெளியே நின்ற பைக்கையும், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கொட்டகைக்குள் நின்ற பைக்கையும் ஒரே வயது என்று சொல்ல முடியாது. உப்புக் காற்று மேலே பளபளப்பைத் தொடாது, தொட்டாலும் ஒரு மணி நேரம் பாலிஷ் போட்டு மறைத்துவிடலாம். குனிந்து பார்க்க வேண்டிய இடங்கள் வேறு: எக்ஸாஸ்ட்டின் அடிப்பக்கம், ஸ்போக் சக்கரத்தில் கம்பி ரிம்மைத் தொடும் முனைகள், முன் ஃபோர்க்கின் குழாய். அந்தக் குழாயில் நகத்தை மேலிருந்து கீழே இழுங்கள். ஊசிமுனை அளவு குழி தட்டினாலும் அது ஆயில் சீலைக் கிழித்துக்கொண்டே இருக்கும். புது சீல் போட்டாலும் கொஞ்ச நாளில் மறுபடி கசியும்.

வெள்ளத்தையும் மறக்கக் கூடாது. 2022 ஏப்ரலில் பிராஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலையே மூழ்கியது. வீட்டு ஷெட்டில் நின்ற பைக்குகளை யார் கணக்கெடுத்தார்கள்? நல்ல விலைக்கு வருகிற, கிட்டத்தட்டப் புதிய, இன்ஜெக்‌ஷன் பைக்கில்தான் இது அதிக ஆபத்து. கார்புரேட்டர் பைக் முங்கினால் கழற்றிக் காயவைத்து மீட்கலாம். கம்ப்யூட்டரும் சென்சாரும் ஏபிஎஸ் யூனிட்டும் உள்ள பைக்கில் கோளாறு ஆறு மாதம் கழித்து, அதுவும் விட்டுவிட்டு வரும். சீட்டைக் கழற்றி ஒயர் கனெக்டர் ஒன்றிரண்டைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே பச்சை பூத்திருந்தாலோ, ஹெட்லைட் கூட்டுக்குள் வண்டல் கோடு தெரிந்தாலோ நகர்ந்துவிடுவது நல்லது.

ரோட்வொர்த்தி இருக்கிறதே என்று நிம்மதி அடைவது

பெயர் மாற்ற, வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்ற ரோட்வொர்த்தி சான்றிதழ் வேண்டும். அது 60 நாள் செல்லும். ஆனால் அந்தச் சோதனை விளக்கு, ஹாரன், பிரேக், டயரில் குறைந்தது 1 மில்லிமீட்டர் பட்டன் இப்படிப்பட்டவற்றைத்தான் பார்க்கிறது. என்ஜினுக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

வண்டியின் பதிவுக் காகிதத்தில் இரண்டு இடம் முக்கியம். டைட்டில் ஹோல்டர் (சட்டப்படி உரிமையாளர்) என்ற இடத்தில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை. விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பைக் அவருடையது இல்லை. இன்னொன்று கோட். 2 என்றால் பயன்படுத்திய வண்டி, 3 என்றால் விபத்திலோ வேறெதிலோ சிதைந்து மறுபடி கட்டியது. கோட் 3-க்குக் கடனும் முழு இன்சூரன்ஸும் கிடைப்பது கஷ்டம், நீங்கள் விற்கும் நாளிலும் அதே கோட் கூடவே வரும்.

யாரிடம் வாங்குகிறோம் என்பதும் பெரிய வித்தியாசம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2008-இன்படி கடையில் வாங்கும் பொருளுக்கு, பழையதாக இருந்தாலும், ஆறு மாதம் பொறுப்பு உண்டு. தனி ஆளிடம் வாங்கினால் அந்தச் சட்டம் வராது. ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார், இருக்கிறபடியே எடுத்துக்கொண்டதாக ஆகிவிடும். தெரிந்தே குறையை மறைத்தவருக்கு அந்த வரி காவல் இல்லைதான், ஆனால் மறைத்தார் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அதற்கு வாட்ஸ்அப்பில் நேரடியாகக் கேள்வி கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைப்பது சின்ன வேலை, பெரிய உதவி.

உங்கள் ரோட்டை மறந்து வாங்குவது

மீட்டியோர் 350 நல்ல பைக். ஊருக்குள்ளும், போத்தாஸ் ஹில், டிரம்மண்ட் பக்கத்துப் பழைய ரோட்டிலும் அதைவிட நிம்மதியான வண்டி கிடைப்பது அரிது. ஆனால் அதன் குதிரைத்திறன் 20 சொச்சம்தான். ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலையில் 120-இல் போகிற கார்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே, பின்னால் ஒருவரை வைத்துக்கொண்டு ஏற்றம் ஏறினால் கை முழுக்கத் திருகியபடிதான் இருக்கும். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம்; காற்று மெலிந்துபோய் எந்த என்ஜினும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். 60 குதிரை உள்ள டிராக் ஸ்டார் 1100-க்கு அது உறைக்காது, 20-க்கு உறைக்கும். கார்புரேட்டர் பைக்கில் கூடவே பெட்ரோல் கலவையும் கனத்துப்போய் பிளக் கறுக்கும். இன்ஜெக்‌ஷன் அதைத் தானே சரிசெய்துகொள்ளும். வருடத்துக்கு இரண்டு முறை உறவுக்காரர்களைப் பார்க்க ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேஷியா போகிறவர் இதை யோசித்தே ஆக வேண்டும்.

மறுபுறம், பெரிய பழைய குரூசர் ஊருக்குள் படுத்தும் பாடு. டிராக் ஸ்டார் 1100 கிளாசிக் பெட்ரோல் ஊற்றாமலே 270 கிலோ வாக்கில் இருக்கும். ரெபெல் 500 மொத்தமே 190 கிலோ சுமார். சாட்ஸ்வர்த் மேட்டு வீடுகளின் சரிந்த டிரைவ்வேயில் டிராக் ஸ்டாரைப் பின்னுக்குத் தள்ளி ஏற்றிப் பார்த்தவருக்கு இந்த 80 கிலோ புரியும். ஹிகின்சன் ஹைவேயின் மாலை நெரிசலில் காற்றால் குளிரும் பெரிய வி-ட்வின் (V வடிவில் இரண்டு சிலிண்டர் உள்ள என்ஜின்) வலது தொடையை வேகவைக்கும். ஃபீல்ட்ஸ் ஹில்லில் மழையில் இறங்கும்போது, டிராக் ஸ்டார் 650 மாதிரி பின்னால் டிரம் பிரேக், முன்னால் ஒற்றை டிஸ்க், ஏபிஎஸ் இல்லாத வண்டிக்கு நிறைய இடைவெளி விட்டு ஓட்டத் தெரிய வேண்டும். பைக்குக்குப் புதிதாக வருகிறவருக்கு நான் ஏபிஎஸ் உள்ள புதியதைத்தான் சொல்வேன், இதில் பேரம் கிடையாது.

நெடுந்தூரம் போகிறவர், வீட்டுக்குப் பக்கத்தில் கார்புரேட்டரைத் தெரிந்த மெக்கானிக் உள்ளவர், ஜப்பான் பழையதைத் தாராளமாக எடுக்கலாம். பழைய ஹார்லி, மாதம் ஒரு ஞாயிறு அதோடு கை அழுக்காவதை விரும்புகிறவருக்கு.

கடைசியாகப் பின்சீட். மார்கேட் வரை இருவராகப் போகத்தான் குரூசர் என்று வீட்டில் சொல்லி அனுமதி வாங்கிவிட்டு, ஒற்றைச் சீட்டுப் பைக்கோடு வந்து நிற்பவர்கள் உண்டு. ரெபெலின் பின்சீட் ஒரு சின்ன மெத்தைத் துண்டு, மீட்டியோரில் முதுகுக்குச் சாய்வும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம், பழைய ஜப்பான் குரூசர்களில் பல முன்பே அகலமான சீட்டோடு வருகின்றன. பைக் பார்க்கப் போகும்போது பின்னால் உட்காரப்போகிறவரையும் கூட்டிப்போய்ப் பத்து நிமிடம் உட்கார வையுங்கள். பட்டியலிலிருந்து ஒரு பைக் அங்கேயே குறைந்துவிடும்.