பிள்ளைகளுக்கு முதல் லைன் டான்ஸ்: 32 எண்ணிக்கையில் ஒரு பாடம்

லைன் டான்ஸ் என்பது ஜோடியின்றி எல்லோரும் வரிசையாக நின்று, ஒரே அடிகளை ஒரே தாளத்துக்கு ஆடும் நடனம். அமெரிக்காவின் திருமண விருந்துகளிலும் பள்ளி விழாக்களிலும் இதைப் பரவலாகக் காணலாம். யாருடைய கையையும் பிடிக்க வேண்டியதில்லை என்பதாலேயே, கூச்சப்படும் பதின்வயதினர்கூட இதற்கு எளிதில் இணங்குவார்கள்.

முதல் பாடத்துக்கு 2007இல் வெளியான ‘கியூபிட் ஷஃபிள்’ என்ற பாடலும் அதற்கான நடனமும் பொருத்தமானவை. எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதைப் பாடலே சொல்லிவிடுகிறது. ‘எலெக்ட்ரிக் ஸ்லைடு’ என்ற லைன் டான்ஸ் இதைவிடப் புகழ்பெற்றதுதான். ஆனால் பரவலாக ஆடப்படும் அதன் வடிவம் 18 எண்ணிக்கை (ஒரு தாளத் தட்டுக்கு ஓர் எண்ணிக்கை) கொண்டது. எட்டெட்டாக நகரும் இசையோடு அது ஒட்டாமல் போவதால், புதியவர்கள் எங்கே தொடங்குவது என்று திகைப்பார்கள்.

பாடலைப் போடுவதற்கு முன், பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்று கற்பியுங்கள். எதிரே நின்றால் உங்கள் வலது அவர்களுக்கு இடதாகத் தெரியும். சிறு குழந்தைகளின் வலது காலணியில் வண்ண ஒட்டி ஒன்றை ஒட்டிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி அடிகள். வலது காலைப் பக்கவாட்டில் வைத்து, இடது காலை அதனருகே சேர்க்க வேண்டும். இவ்வாறு நான்கு முறை செய்தால் எட்டு எண்ணிக்கை முடியும். எட்டாவதில் மட்டும் இடது கால் தரையைத் தொட வேண்டுமே தவிர, உடல் எடையைத் தாங்கக் கூடாது. அடுத்து இடப்பக்கம் நகர வேண்டியது அந்தக் கால்தான். எடை அதன்மேல் விழுந்துவிட்டால் பிள்ளை ஒரு கணம் தடுமாறி, பிறகு அரை அடி பின்தங்கியே ஆடும். ஆகவே தொடுவதற்கும் மிதிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இசையின்றிப் பலமுறை பழக்குங்கள். முதல் வகுப்பின் பெரும்பகுதி இதிலேயே கழிந்தாலும் தவறில்லை. இடப்பக்கமும் இதே எட்டு. மூன்றாம் எட்டில் வலது குதிகால் முன்னே, பிறகு அதே கால் தன் இடத்துக்கு; அடுத்து இடது; இவ்விரண்டும் இன்னொரு முறை. கடைசி எட்டில் எட்டு அடி நடந்தபடியே இடப்பக்கம் கால்வாசி வட்டம் திரும்பிவிட வேண்டும்.

திரும்பியதும் அனைவரும் வேறொரு சுவரைப் பார்த்து நிற்பார்கள்; அங்கிருந்து அதே 32 எண்ணிக்கை மீண்டும் தொடங்கும். நான்கு சுவர்களையும் பார்த்த பிறகே தொடங்கிய திசை மீண்டும் வரும். முன்னால் நிற்பவரைப் பார்த்துப் பின்பற்றலாம் என்று பின்வரிசையில் ஒளிந்துகொண்ட பிள்ளை, இரண்டு திருப்பங்களுக்குப் பிறகு, பார்ப்பதற்கு யாருமின்றி முன்வரிசையில் நிற்கும். குழந்தைகள் அழுவதும் இளைஞர்கள் சிரித்தபடி நழுவுவதும் அங்கேதான். அடிகளை நன்கு அறிந்தவர்களை நான்கு மூலைகளிலும் நிறுத்துங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்னால் ஒரு வழிகாட்டி இருப்பார்.

வழவழப்பில்லாத, அதே சமயம் தரையை இறுகப் பற்றாத காலணியே நல்லது; ரப்பர் அடிப்பகுதி பற்றிக்கொண்டால் திரும்பும்போது முழங்கால் முறுக்கிக்கொள்ளும். 

32 எண்ணிக்கையும் கைவந்த பதின்வயதினரிடம் மூன்றாம் எட்டை மட்டும் ஒப்படைத்து, குதிகாலுக்குப் பதிலாகத் தாங்களே ஓர் அடவு அமைக்கச் சொல்லுங்கள். எட்டாவதில் வலது கால் எடையின்றி இருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனை போதும்.