அரசை அவையில் பதில் சொல்ல வைப்பது எப்படி: எதிர்க்கட்சித் தலைவருக்கான நடைமுறை வழிகாட்டி

மக்களவையில் சபாநாயகருக்கு இடப்புறம் முன்வரிசையில் எதிர்க்கட்சித் தலைவர் அமர்கிறார். 1977ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் அவருக்கு ஊதியமும் அலுவலக வசதியும் அளிக்கிறது. கேபினட் அமைச்சருக்கு நிகரான மதிப்பும் உண்டு. ஆனால் ஒரு கோப்பை வரவழைத்துப் பார்க்கவோ, ஓர் அதிகாரிக்கு ஆணையிடவோ அவருக்கு அதிகாரமில்லை; வாக்கெடுப்பு என்று வந்தால் பெரும்பாலும் தோற்கப் போகிறவரும் அவரே. அப்படிப்பட்ட ஒருவர் அரசைக் கணக்குக் கேட்பதற்கு உள்ள வழி, அரசை அவையில் பேச வைத்து, அது சொன்னதை அவைக்குறிப்பில் ஏற்றி, பிறகு அந்தச் சொல்லை விடாமல் பின்தொடர்வதுதான். கீழே விளக்கப்படும் விதிகள் அனைத்தையும் இந்த ஒரே நோக்கத்தோடு படிக்கலாம்.

மொத்த இடங்களில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 543இல் 55 இடங்களைப் பெற்ற கட்சியின் தலைவரையே சபாநாயகர்கள் எதிர்க்கட்சித் தலைவராக அங்கீகரித்து வந்துள்ளனர். மக்களவையில் முதன்முதலாக 1969இல் ராம் சுபக் சிங் அவ்வாறு அங்கீகரிக்கப்பட்டார். 2014இல் 44 இடங்களும் 2019இல் 52 இடங்களும் பெற்ற காங்கிரசுக்கு அந்தத் தகுதி கிடைக்காததால் பத்தாண்டுகள் காலியாக இருந்த இடத்திற்கு 2024 ஜூனில் ராகுல் காந்தி வந்தார். அந்தப் பத்தாண்டுகளிலும் அவையில் கேள்விகள் கேட்கப்பட்டன, விவாதங்கள் நடந்தன, குழுக்கள் கூடின. ஏனெனில் இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை ஒவ்வோர் உறுப்பினருக்கும் உரியவை. எனவே தலைவர் முதலில் செய்ய வேண்டியது வேலையைப் பிரித்துக் கொடுப்பது. பிரிட்டனில் உள்ளது போன்ற நிழல் அமைச்சரவை இங்கே வழக்கத்தில் இல்லை என்றாலும், ஒவ்வோர் அமைச்சகத்திற்கும் இரண்டு உறுப்பினர்களைப் பொறுப்பாக்கி, அவர்களில் ஒருவரையாவது அந்தத் துறையின் நிலைக்குழுவில் (துறையின் பணிகளையும் மசோதாக்களையும் ஆராயும் நாடாளுமன்ற உறுப்பினர் குழுவில்) இடம்பெறச் செய்வதற்கு எந்த விதியும் தடையாக இல்லை. ஐந்தாண்டுகள் ஒரே துறையைப் படித்த உறுப்பினரிடம் அமைச்சர் மேம்போக்காகப் பேசிவிட்டுப் போக முடியாது.

கேள்வியிலிருந்து தொடங்குங்கள்

எதிர்க்கட்சியின் மிக வலிய கருவி கேள்வி நேரம் என்பது என் உறுதியான கருத்து. மக்களவை கூடும் நாட்களில் காலை 11 மணி முதல் 12 மணி வரை அது நடைபெறுகிறது. ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளும் 230 நட்சத்திரக் குறியில்லாக் கேள்விகளும் பட்டியலில் இடம்பெறும். முன்னதற்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாக விடையளிப்பார், துணைக்கேள்விகளும் எழுப்பலாம். பின்னதற்கு எழுத்து மூலம் விடை வரும். முழுதாக 15 நாட்கள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதாலும், எந்தக் கேள்வி இடம்பெறும் என்பதைக் குலுக்கலே முடிவு செய்கிறது என்பதாலும், ஒரு முக்கியப் பொருளை ஒரே உறுப்பினரிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. பத்துப் பேர் தனித்தனியாக அறிவிப்புக் கொடுத்தால்தான் ஒன்றாவது குலுக்கலில் தேறும்.

கேள்வியில் வாதமோ, ஊகமோ, குற்றச்சாட்டோ இருக்கக் கூடாது என்கிறது விதி. இதை இடையூறாகக் கருதாமல் துணையாகக் கொள்ளுங்கள். ‘இந்த ஒப்பந்தத்தில் வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டப்பட்டதா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்ற ஒரே சொல்லில் அமைச்சர் முடித்துவிடுவார். ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்ட நாள் எது, எத்தனை நிறுவனங்கள் விண்ணப்பித்தன, எத்தனை தகுதி நீக்கப்பட்டன, மதிப்பிட்ட தொகை எவ்வளவு, இறுதித் தொகை எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால் அவர் எண்களைத் தந்தே ஆக வேண்டும். எழுத்து விடை பெறும் கேள்விகளைப் பலர் அற்பமாக நினைக்கிறார்கள். அது பெரும் பிழை. ஒரே கேள்வியை ஒரே சொற்களில் மூன்று கூட்டத்தொடர்களில் தொடர்ந்து கேட்டு, வந்த விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த எண் மாறியது, எந்தப் பகுதிக்கு விடை தராமல் விடப்பட்டது என்பது தானாகவே புலப்படும். அந்த வேறுபாட்டை எடுத்துக்கொண்டுதான் நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்குப் போக வேண்டும்.

இதற்குச் சிறந்த பாடம் முந்த்ரா விவகாரம். புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த ஆயுள் காப்பீட்டுக் கழகம், 1957இல், ஹரிதாஸ் முந்த்ரா என்ற வணிகரின் ஆறு நிறுவனங்களின் பங்குகளை ஒரு கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகைக்கு வாங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் பெரோஸ் காந்தி அதை அவையில் எடுத்துப் பேசினார். பாலிசிதாரர்களின் பணம் சந்தை விலையைவிடக் கூடுதலான விலையில் இந்தப் பங்குகளில் ஏன் போடப்பட்டது என்பதையே அவர் முன்வைத்தார். அரசு, நீதிபதி எம்.சி. சாக்ளாவை விசாரணைக்கு அமர்த்தியது. விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பெரோஸ் காந்தி எதிர்க்கட்சிக்காரர் அல்லர், ஆளும் காங்கிரசின் உறுப்பினர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வரிசையின் எந்தப் பக்கம் அமர்ந்திருந்தாலும், தேதியும் விலையும் கையில் இருந்த ஒருவருக்கு அவை செவிசாய்க்க வேண்டியதாயிற்று.

விடைகளில் அடிக்கடி வரும் ஒரு தொடர், ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் முன் வைக்கப்படும்’ என்பது. அதைக் கேட்டுச் சோர்ந்து போக வேண்டாம். அவ்வாறு சொல்லப்படுவது அரசின் உறுதிமொழியாகப் பதிவாகிறது. பொதுவாக மூன்று மாதங்களுக்குள் அது நிறைவேற்றப்பட வேண்டும். இல்லையேல் அரசு உறுதிமொழிகளுக்கான குழு துறையிடம் விளக்கம் கேட்கலாம். எதிர்க்கட்சித் தலைவரின் அலுவலகத்தில் இதற்கென்றே ஒரு பதிவேடு இருக்க வேண்டும்: நாள், அமைச்சகம், சொல்லப்பட்ட சொற்கள், கெடு முடியும் நாள். நான்கு பத்திகள் கொண்ட இந்த ஏட்டை ஒழுங்காகப் பேணும் ஓர் உதவியாளர், அனல் பறக்கும் பேச்சாளர் ஒருவரைவிடக் கூடுதலாக உதவுவார்.

எந்த விதியின் கீழ் விவாதம் கேட்பது

ஒரே பொருளைப் பல விதிகளின் கீழ் எழுப்ப முடியும். எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே விளைவு அமையும். மக்களவையின் நடைமுறை விதிகளில், விதி 197இன் கீழ் கவன ஈர்ப்பு அறிவிப்புக் கொடுத்தால் அமைச்சர் அறிக்கை அளிப்பார், அதன்மேல் விளக்கம் கேட்கலாம். விதி 193இன் கீழ் குறுகிய கால விவாதம் நடக்கும், வாக்கெடுப்பு இல்லை. விதி 184இன் கீழ் தீர்மானம் வந்தால் வாக்கெடுப்பு உண்டு. விதி 56இன் கீழ் கொண்டுவரப்படும் ஒத்திவைப்புத் தீர்மானத்தில் அரசின் மீதான கண்டனமும் அடங்கியிருப்பதால் சபாநாயகர்கள் அதை எளிதில் அனுமதிப்பதில்லை.

தகவல் தேவையென்றால் 197 போதும், பொருளின் பல பக்கங்களும் வெளிவர வேண்டுமென்றால் 193 ஏற்றது. யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது பதிவாக வேண்டும் என்றால் மட்டுமே 184க்காகப் போராடுங்கள். 2012 டிசம்பரில் சில்லறை வணிகத்தில் அன்னிய நேரடி முதலீட்டை எதிர்த்து அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் சுஷ்மா சுவராஜ் விதி 184இன் கீழ் கொண்டுவந்த தீர்மானம் 218க்கு 253 என்ற வாக்குகளில் தோற்றது. ஆயினும் அந்த முதலீட்டை எதிர்த்துப் பேசிய சமாஜ்வாதி, பகுஜன் சமாஜ் கட்சிகள் வாக்கெடுப்பின்போது வெளிநடப்புச் செய்ததை நாடு பார்த்தது. பேச்சுக்கும் வாக்குக்கும் உள்ள தொலைவை விதி 193 விவாதம் காட்டியிருக்காது.

நம்பிக்கையில்லாத் தீர்மானத்திற்கு 50 உறுப்பினர்களின் ஆதரவு இருந்தால் போதும். 1963இல் ஆச்சார்ய கிருபளானி நேரு அரசின் மீது கொண்டுவந்த முதல் தீர்மானத்திற்கு ஆதரவாக 62 வாக்குகளே விழுந்தன. ஆனாலும் பிரதமர் அமர்ந்து கேட்டு விடையளித்தார். 2023 ஆகஸ்டில் மணிப்பூர் வன்முறை குறித்து கௌரவ் கோகோய் கொண்டுவந்த தீர்மானமும் வெல்லும் எண்ணத்தோடு கொண்டுவரப்பட்டதன்று. பிரதமரை அவையில் பேச வைப்பதே அதன் குறி. கூட்டத்தொடர்தோறும் எடுத்தால் இந்தக் கருவி மழுங்கிவிடும்.

பேசும்போது காக்க வேண்டியவை

ஒரு தனிமனிதர் மீது குற்றம் சுமத்துவதானால் விதி 353இன்படி சபாநாயகருக்கும் உரிய அமைச்சருக்கும் முன்னறிவிப்புத் தர வேண்டும். தராமல் பேசினால் அந்தப் பகுதி அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படலாம். நீக்கப்பட்டால் பல வார உழைப்பு வீணாகும். மேற்கோள் காட்டும் ஆவணத்தின் உண்மைத்தன்மைக்குப் பேசுபவரே பொறுப்பேற்க வேண்டும் என்பதால், மூலத்தைப் பார்க்காமல் எதையும் கையில் எடுத்துக்கொண்டு எழ வேண்டாம். அமைச்சர் அவையில் தவறான தகவல் தந்தால் கூச்சலிடுவதைவிட, சபாநாயகரின் நெறிமுறை 115இன் கீழ் அந்தத் தவற்றை எழுத்தில் சுட்டிக்காட்டுவது பயனுள்ளது. அமைச்சர் ஒன்று திருத்த வேண்டும் அல்லது தன் நிலையை நிலைநாட்ட வேண்டும். உரிமை மீறல் அறிவிப்பு அதற்கு அடுத்த படி.

மசோதாக்களில் முதல் கோரிக்கை, அதை நிலைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்பதாக இருக்கட்டும். 17வது மக்களவையில் ஆறில் ஒரு மசோதாவே ஏறத்தாழ குழுக்களுக்குச் சென்றது. இது எனக்கு ஆழ்ந்த கவலை தரும் செய்தி, ஏனெனில் அதிகாரிகளையும் வல்லுநர்களையும் நேரில் அழைத்து, தொலைக்காட்சிக் கேமரா இல்லாமல், கட்சி வேறுபாட்டைச் சற்று ஒதுக்கிவைத்துக் கேட்கக்கூடிய இடம் அது ஒன்றே. குழுவுக்கு அனுப்பப்படவில்லை என்றால் பிரிவுதோறும் திருத்தங்கள் கொடுத்து, குரல் வாக்கெடுப்பின் முடிவை உடனே மறுத்து, உறுப்பினர்கள் தத்தம் இருக்கையில் இருந்தபடியே வாக்குப் பதிவைக் கோர வேண்டும். நிதிநிலை அறிக்கையில், அமைச்சகங்கள் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைகள் மீது, அந்தத் தொகையைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானங்கள் கொடுக்கலாம். 100 ரூபாய் குறைக்கக் கோரும் அடையாள வெட்டு, ஒரு குறிப்பிட்ட குறையைப் பதிவு செய்ய ஏற்றது.

அரசின் செலவுக் கணக்குகளை ஆராயும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 22 பேர் கொண்டது. அமைச்சர் அதில் இடம்பெற முடியாது. 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரே அதன் தலைவராக இருந்து வருகிறார். தி.மு.க.வின் இரா. செழியன் 1970களின் தொடக்கத்தில் அந்தப் பொறுப்பை வகித்தார். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகளே குழுவின் மூலப்பொருள் என்பதால், கணக்கு படிக்கத் தெரிந்தவரை, படிக்கச் சலிக்காதவரை அங்கே அனுப்புங்கள்.

அவைக்கு வெளியே எதிர்க்கட்சித் தலைவருக்கு மட்டுமே உரிய வேலை, நியமனக் குழுக்களில் அமர்வது. மத்தியப் புலனாய்வுத் துறை இயக்குநர், லோக்பால், தலைமைத் தகவல் ஆணையர், 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேர்தல் ஆணையர்கள் எனப் பல நியமனங்களில் அவருக்கு இடமுண்டு. பெரும்பாலும் அவர் தனித்தே நிற்பார். 2010 செப்டம்பரில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக பி.ஜே. தாமசைத் தேர்ந்தெடுத்தபோது, கேரளப் பாமாயில் வழக்கைச் சுட்டி சுஷ்மா சுவராஜ் எதிர்ப்புத் தெரிவித்தார்; பிரதமரும் உள்துறை அமைச்சரும் அவரை மீறி முடிவெடுத்தனர். 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்து செய்ததோடு, மறுப்பவர் காரணம் எழுத வேண்டும், அதை ஏற்காத பெரும்பான்மையினரும் காரணம் எழுத வேண்டும் என்றும் கூறியது. ஆகவே வெறும் ‘உடன்பாடில்லை’ என்று கையெழுத்திடாதீர்கள். விண்ணப்பதாரர்களின் விவரங்களை முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். தராவிட்டால் தரவில்லை என்பதையும் குறிப்பில் எழுதுங்கள்.

அவையை முடக்கலாமா என்ற கேள்வி எப்போதும் எழும். 2010 குளிர்காலக் கூட்டத்தொடர், 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டை விசாரிக்கக் கூட்டு நாடாளுமன்றக் குழு கேட்டு நடந்த போராட்டத்தில் ஏறத்தாழ முழுவதும் முடங்கியது. மறு ஆண்டு குழு அமைந்தது. அதன் அறிக்கையோ எதிர்க்கட்சி உறுப்பினர்களின் மறுப்புக் குறிப்புகளோடுதான் வந்தது. 2023 டிசம்பரில் 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த நாட்களில் மூன்று குற்றவியல் சட்ட மசோதாக்கள் நிறைவேறின. விவாதமே மறுக்கப்படும்போது எதிர்ப்பைக் காட்டும் உரிமை எதிர்க்கட்சிக்கு உண்டு என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் கேள்வி நேரத்தை மட்டுமாவது விட்டுவைக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் போனால் விடை சொல்ல வேண்டிய அமைச்சருக்கே அது விடுதலை. ஒத்திவைப்பைக் கோருவதற்குப் பதிலாக, கேள்வி நேரம் முடிந்ததும் எழுந்து கோரிக்கையை வைத்து, மறுக்கப்பட்டால் வெளிநடப்புச் செய்து, அடுத்த அலுவலுக்குத் திரும்பி வரலாம்.

கூட்டத்தொடர் முடிந்த மறுநாள் உறுதிமொழிப் பதிவேட்டை எடுத்து, நிலுவையில் உள்ளவற்றைப் பொறுப்பு உறுப்பினர்களுக்குப் பிரித்து அனுப்புங்கள். பாதி விடை வந்த கேள்விகளைத் தனியே குறித்து, விடுபட்ட பகுதியை மட்டும் புதிய கேள்வியாக எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தொடருக்கான அழைப்பு வந்து, கேள்வி அறிவிப்புகள் ஏற்கப்படும் முதல் நாளன்று அவை செயலகத்தின் கையில் இருக்க வேண்டும்.