கூலிங் டவர் ஃபில்: தண்ணீரைப் பார்க்காமல் வாங்காதீர்கள்

மொரீஷியஸில் ஜூன் வாக்கில் கரும்பு வெட்டு தொடங்கினால் டிசம்பர் வரை எங்கள் சர்க்கரை ஆலைக்கு ஓய்வில்லை. ஒரு சீசன் நடுவில் சூடான தண்ணீரைக் காற்றில் ஆறவைக்கும் கூலிங் டவரிலிருந்து ஃபில் பிளாக் (தண்ணீர் பரவி இறங்க டவருக்குள் அடுக்கும் பிளாஸ்டிக் கட்டி) ஒன்றை இறக்கி எடை போட்டோம். வாங்கியபோது 3 கிலோ சொச்சம் இருந்தது, 17 கிலோ காட்டியது. ஏறியதெல்லாம் வழவழவென்ற பாசியும் சேறும். புளித்த கள் வாடை வேறு.

வாங்கும்போது கேட்லாக்கைப் பார்த்தோம், தண்ணீரைப் பார்க்கவில்லை. பாகு காய்ச்சும் பான்களிலிருந்து ஆவியோடு துளித்துளியாகச் சர்க்கரையும், அந்த ஆவியைக் குளிரவைக்கும் கண்டென்சர் தண்ணீருக்கு வந்துவிடும். டவருக்கு வருவது அந்தத் தண்ணீர்தான். இனிப்பு, இளஞ்சூடு, காற்று மூன்றும் இருந்தால் கிருமிக்குக் கல்யாண விருந்துதான். 12 மி.மீ. இடைவெளியில் குறுக்குமறுக்காக மடித்த பிவிசி ஃபிலிம் ஃபில் (மெல்லிய பிளாஸ்டிக் தாள் அடுக்கு), ஹோட்டல் ஏசிக்கு அருமையான சரக்கு. எங்களுக்கு அது சல்லடை. இந்தத் தண்ணீருக்கு 19 மி.மீ. நேர்க்குழல் வகையோ, நீரைச் சிதறடிக்கும் ஸ்பிளாஷ் வகையோதான் சரி. ஸ்பிளாஷ் என்றால் டவர் பெரிதாக வேண்டும், செலவும் கூடும். நடுச்சீசனில் ஆலையை நிறுத்திப் பார்த்தவர்கள் அந்தக் கணக்கைப் பேச மாட்டார்கள்.

சூட்டையும் கேளுங்கள். சாதாரண பிவிசி 55 டிகிரி வாக்கில் இளகித் தொய்ந்துவிடும். அதற்கு மேல் போகுமென்றால் பாலிப்ரொப்பிலீன்.

அப்புறம், பாசி கட்டியது தெரிந்ததும் பதறிப்போய் குளோரினை மொத்தமாகக் கொட்டாதீர்கள். நாங்கள் கொட்டினோம். மேலே செத்த பாசி பாளம் பாளமாகக் கழன்று கீழ் அடுக்கில் போய் உட்கார்ந்தது. முன்பாவது தண்ணீர் இறங்கியது! சிறிய அளவில், சீசன் முதல் நாளிலிருந்தே போட்டு வர வேண்டும். பிரஷர் வாஷரைக் கிட்டே பிடித்தால் தாள் கிழியும். பலகை போடாமல் மேலே நடந்தால் நசுங்கும். தண்ணீரைத் தெளிக்கும் நாசில் அடைத்தால் அதன் கீழே ஃபில் நனைந்தும் காய்ந்தும் சுண்ணாம்புப் படிவம் ஏறும்.

ஆனால் ஃபில் கெடுவது ஆலை ஓடும்போது மட்டும் இல்லை. ஆந்த்ரகூப் என்று இங்கே சொல்லும் ஓய்வு மாதங்களில், தைப்பூசக் காவடி முடியும்வரை டவர் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதற்குள் பாசி காய்ந்து ஓடு மாதிரி ஆகிவிடும். கடைசி வண்டிக் கரும்பு அரைத்த அன்றே, ஈரம் போவதற்குள், நல்ல தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுங்கள். உள்ளே இறங்குபவர் முகக்கவசம் போடட்டும். அந்தச் சாரலில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி இருக்கலாம்.